ஒன்பது நாள் லீவுல இந்தோனேசியா

இந்த எபிசோட் டிராவல் பத்தி. பார்க்க வேண்டிய பத்து இடம்னு லிஸ்ட் எல்லாம் இல்ல, அதுக்கு ரீல்ஸ் இருக்கு. ஒரு பெரிய நாட்டை சின்ன லீவுக்குள்ள எப்படிப் பார்க்கிறது? எங்க வீட்டுல ஒரு மாசமா ஓடுற பஞ்சாயத்து இதுதான்.

அப்பாவுக்கு கும்மிடிப்பூண்டி சிப்காட்டுல ஒரு ரோலிங் மில்லில் ஷிப்ட் வேலை, 26 வருஷமா. வாராந்திர லீவையும் சேர்த்து அவருக்குக் கிடைக்கிறது ஒன்பது நாள். அவருக்கும் அம்மாவுக்கும் இதுதான் முதல் பாஸ்போர்ட். அவரோட முட்டி வலியைப் பார்த்தா, அடுத்த டிரிப்னு ஒண்ணு இருக்குமான்னே தெரியல.

தங்கச்சி போட்ட பிளான்: ஜகார்த்தா, யோக்யகர்த்தா, புரோமோ எரிமலை, பாலி, கொமோடோ. எக்ஸெல்ல அழகா இருந்துச்சு. ஆனா இந்தோனேசியா கிழக்கு மேற்கா 5,000 கிலோமீட்டருக்கு மேல. காஷ்மீர்லேர்ந்து குமரி வரைக்கும் 3,200 தான். 17,000 தீவு, மூணு டைம் ஸோன். சீசன் கூட ஒண்ணு இல்ல. ஜாவா, பாலியில ஜூன், ஜூலை வெயில் காலம். அதே நேரம் கிழக்கே அம்பொன்ல கொட்டித் தீர்க்கும். நம்மூர்ல கேரளாவுக்கு ஒரு மழை, சென்னைக்கு வேற மழை இல்லையா, அதே கதைதான். ரம்ஜான் பெருநாளை ஒட்டிப் போனா ரயில், பஸ் எல்லாம் பொங்கல் நேரத்து கிளாம்பாக்கம் மாதிரி இருக்கும்.

பிளானை உடைச்சது மேப் இல்ல, அப்பா. புரோமோவுல சூரிய உதயம் பார்க்க ராத்திரி ரெண்டு, மூணு மணிக்குக் கிளம்பணும். இஜென் எரிமலையில நீல நெருப்பு பார்க்க நடுராத்திரியே மலை ஏறணும். பாலியில பத்தூர் மலையும் அப்படித்தான். அப்பா எல்லாத்தையும் கேட்டுட்டு, "இத்தனை வருஷம் நைட் ஷிப்ட் பார்த்தவன்டா நான். லீவுலயும் ரெண்டு மணிக்கு எழுப்புவியா?"ன்னார். ஐடினரி போடறவங்க யாருமே இந்தக் கேள்வியைக் கேக்கறதில்ல. நாம பொதுவா இடத்தை வச்சுத்தான் பிளான் போடறோம், போற ஆளை வச்சு இல்ல.

அதனால நான் சொன்னது சுமத்ரா மட்டும். சென்னையிலேர்ந்து கோலாலம்பூர், அங்கேர்ந்து ஒரு மணி நேரத்துல மேடான். மேடான்ல 1884-ல கட்டின மாரியம்மன் கோயில் இருக்கு. தோட்ட வேலைக்குப் போன நம்ம ஆளுங்களோட ஏரியா, இப்போ பேரு கம்போங் மெட்ராஸ். அம்மா அங்கேயே சம்மதிச்சுட்டாங்க. மேடான்லேர்ந்து கார்ல நாலு மணி நேரம் போல தோபா ஏரி. சுமார் 74,000 வருஷத்துக்கு முன்னாடி எரிமலை வெடிச்சு உண்டான 100 கிலோமீட்டர் நீள ஏரி அது. அந்தச் சாம்பல் பக்கத்து ஆந்திராவுல ஜ்வாலாபுரம் வரைக்கும் வந்து படிஞ்சிருக்கு! நடுவுல சமோசிர் தீவு, படகுல போகலாம். குளிர்ச்சியான இடம், எதுவும் ஏற வேண்டாம். அங்க நாலு ராத்திரி.

நம்ம மாவட்டத்துக்கும் அந்த நாட்டுக்கும் பழைய கணக்கு உண்டு. பழவேற்காட்டுல டச்சுக்காரன் 1613-ல கோட்டை கட்டினதே இங்க துணி வாங்கி அங்க கொடுத்து கிராம்பு, ஜாதிக்காய் எடுக்கத்தான். துணியோட போகல, அடிமையா மனுஷங்களையும் இங்கேர்ந்து பட்டாவியாவுக்கு ஏத்தியிருக்கான். அந்த பட்டாவியாதான் இன்னைக்கு ஜகார்த்தா. பழவேற்காட்டுக்கு மீன் வாங்கப் போறப்ப அந்த டச்சு கல்லறையையும் ஒருதரம் பாருங்க.

பிராக்டிகலா ரெண்டே விஷயம். இந்தியர்களுக்கு விசா ஆன் அரைவல் உண்டு, ஆளுக்கு 5 லட்சம் ரூபியா, 30 நாள். பாஸ்போர்ட் ஆறு மாசம் செல்லுபடியாகணும், ரிட்டர்ன் டிக்கெட் கையில இருக்கணும். அப்புறம், கோலாலம்பூர்ல மாறுறதை ஒரே டிக்கெட்டா போடுங்க. தனித்தனியா போட்டா முதல் ஃபிளைட் லேட்டானதுக்கு ரெண்டாவது ஃபிளைட்காரன் பொறுப்பில்ல.

தங்கச்சி இன்னும் விடல. கடைசி ரெண்டு நாள் பாலிங்கறா. மேடான்லேர்ந்து பாலி விமானத்துலயே சுமார் மூணு மணி நேரம், ஏர்போர்ட் காத்திருப்பு தனி. நான் முடியாதுன்னுட்டேன். அவ அப்பாகிட்ட மனு போட்டிருக்கா. அவர் லீவு லெட்டர்ல கையெழுத்து வரட்டும்ங்கறார், டிக்கெட் விலை அதுக்குள்ள ரெண்டு தடவை ஏறிடுச்சு.