தூக்குவதற்கும் ஒரு சட்டம்

முதியோரையும் உடல் ஊனமுற்றோரையும் பராமரிக்கும் வேலையில் முதலில் பழுதாவது பராமரிப்பவரின் முதுகு. படுக்கையிலிருந்து நாற்காலி, நாற்காலியிலிருந்து குளியலறை என்று நாள் முழுக்க ஆளைத் தூக்கும் வேலை அது. பிரிட்டனில் 1974ஆம் ஆண்டுச் சட்டம், ஊழியரின் பாதுகாப்பை முதலாளியின் கடமையாக்கியது. ஆபத்தான தூக்கலை இயன்றவரை தவிர்க்க வேண்டும், தவிர்க்க முடியாவிட்டால் ஆபத்தை மதிப்பிட்டுக் குறைக்க வேண்டும் என்றன 1992ஆம் ஆண்டு விதிகள். ஆளைத் தூக்கும் கருவிகளைப் பொதுவாக ஆறு மாதத்துக்கு ஒருமுறை சோதிப்பதும் கட்டாயம்.

சில நிர்வாகங்கள் இந்த விதிகளை 'கையால் தூக்கவே கூடாது' என்று புரிந்துகொண்டன. சுற்றறிக்கை எழுதுவது எளிது. கருவி எட்டாத இடத்தில் ஒருவர் விழுந்து கிடந்தால்?

பிரிட்டனின் கிழக்கு சசெக்ஸில், கடும் ஊனமுற்ற இரு சகோதரிகளின் வழக்கில் இந்தக் கேள்வி நீதிமன்றத்துக்கு வந்தது. ஊனமுற்றவரின் கண்ணியத்தையும் ஊழியரின் பாதுகாப்பையும் ஒவ்வொருவர் நிலையிலும் எடைபோட வேண்டும், ஒட்டுமொத்தத் தடை செல்லாது என்பதே 2003இல் வந்த தீர்ப்பின் சாரம். சரியான தீர்ப்புதான்.

பராமரிப்பில் சட்டம் தூக்குவதோடு நின்றுவிடுவதில்லை. 2010ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டம் வயது, ஊனம், இனம், மதம் உள்ளிட்ட ஒன்பது அடிப்படைகளில் பாகுபாட்டைத் தடுக்கிறது. இச்சட்டம் பராமரிக்கப்படுபவருக்கு மட்டுமல்ல, பராமரிக்க வரும் வெளிநாட்டு ஊழியருக்கும் பொருந்தும்.