விலைபோகாத வீடு



“வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார்” என்று நம் முன்னோர் சொல்லி வைத்தனர். வீட்டை விற்றுப் பார் என்று அவர்கள் சொல்லவில்லை. அந்தத் தேவை அவர்களுக்கு அதிகம் ஏற்படவில்லை போலும். இன்று நிலைமை வேறு. தோட்டத்தில் பால்மரம் வெட்டியும் செம்பனைக் குலை சுமந்தும் சேர்த்த பணத்தோடு, ஊழியர் சேமநிதியையும் போட்டுத் தாமான்களில் வீடு வாங்கிய தலைமுறைக்கு வயதாகி விட்டது. பிள்ளைகள் கிள்ளானிலும் ஜொகூர் பாருவிலும் சிங்கப்பூரிலும் வேலை செய்கிறார்கள். பெற்றோர் பிள்ளைகளோடு போய்விட, ஊரில் வீடு பூட்டிக் கிடக்கிறது. விற்கலாம் என்று பலகை மாட்டுகிறோம். மாதங்கள் ஓடுகின்றன, வீடு விலைபோவதில்லை. அப்படிப்பட்ட வீட்டுக்கு எப்படி விலை வைப்பது என்பதே இன்றைய நம் பேச்சு.

இதில் நாங்கள் பட்டறிந்ததையே முதலில் சொல்லி விடுகிறோம். எங்கள் தந்தையார் தோட்டத்திலிருந்து ஓய்வு பெற்றபோது, சுங்கை பட்டாணியில் மாடியில்லாத ஒரு வரிசை வீட்டை வாங்கினார். அவர் காலமான பிறகு வீடு தாயாரின் பெயருக்கு மாறியது. முழங்கால் வலியால் தாயாருக்குத் தனியே இருக்க முடியவில்லை. கிள்ளானில் உள்ள எங்கள் தங்கை வீட்டுக்குப் போனார். அது மாடி வீடு. படுக்கை அறைகள் எல்லாம் மேலே. தாயாரால் படியேற முடியாது. ஆகவே, வீட்டை விற்று வரும் பணத்தில் ஒரு பகுதியைக் கொண்டு, தங்கை வீட்டின் கீழ்த்தளத்தில் கழிவறையோடு ஓர் அறை கட்டுவது என்று அண்ணன், தங்கை, நாங்கள் எல்லாரும் கூடிப் பேசி முடிவு செய்தோம். அதுவரை தாயார் முன்கூடத்தில் மெத்தை போட்டுப் படுத்துக்கொள்ளட்டும், இரண்டு மூன்று மாதம்தானே என்றோம்.

விலை என்ன வைப்பது? அண்ணன் காகிதமும் பென்சிலும் எடுத்தார். அப்பா வாங்கிய விலை, பின்பக்கம் சமையலறையை நீட்டிய செலவு, தரைக்கு ஓடு பதித்த செலவு, இரும்புக் கதவு என்று எழுதினார். இத்தனை ஆண்டுக்கு இவ்வளவு ஏற வேண்டும் என்று ஒரு தொகையைச் சேர்த்தார். இரண்டு வீதி தள்ளி ஒருவர் 280,000 வெள்ளி என்று பலகை மாட்டியிருப்பதையும் சொன்னார். முடிவில் 285,000 வெள்ளி என்று எழுதிக் கோடு போட்டோம். கணக்கு எங்களுக்குச் சரியாகவே பட்டது.

நேயர்களே, நாங்கள் வகுப்பறையில் பிள்ளைகளுக்கு இலாப நட்டக் கணக்கு கற்பிக்கிறோம். அடக்க விலையோடு இலாபத்தைக் கூட்டினால் விற்ற விலை என்று கரும்பலகையில் எழுதுகிறோம். மாம்பழத்துக்கும் பேனாவுக்கும் அது பொருந்தும். பழைய வீட்டுக்குப் பொருந்தாது. வீடு வாங்க வருபவர் உங்கள் அடக்க விலையைக் கேட்டுக்கொண்டு வருவதில்லை. அதே தாமானில் அதே மாதிரி வீடு என்ன விலைக்குக் கிடைக்கிறது, தமக்கு வங்கி எவ்வளவு கடன் கொடுக்கும் என்ற இரண்டு கேள்விகளோடுதான் வருகிறார். காக்கைக்குத் தன் குஞ்சு பொன் குஞ்சுதான். ஆனால் வங்கி பொன் குஞ்சுக்குக் கடன் கொடுப்பதில்லை.

இரண்டாம் மாதம் ஓர் இளம் தம்பதியர் வந்தனர். இருவரும் தொழிற்சாலையில் வேலை செய்பவர்கள். வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு 245,000 வெள்ளி தருவதாகச் சொன்னார்கள். எங்களுக்குக் கோபமே வந்து விட்டது. “அந்தப் பிள்ளைங்க மரியாதையாத்தானே கேட்டாங்க, குடுத்துடுங்கய்யா” என்றார் தாயார். நாங்கள் கேட்கவில்லை.

ஐந்தாம் மாதம் வேறொருவர் 270,000 வெள்ளிக்கு ஒப்புக்கொண்டார். மகிழ்ந்து போனோம். ஆனால் அவருடைய வங்கி மதிப்பீட்டாளரை அனுப்பியது. அவர் வீட்டின் மதிப்பு 245,000 வெள்ளி என்று எழுதினார். இங்கே ஒரு விதியைத் தெரிந்துகொள்ள வேண்டும். முதல் வீடு அல்லது இரண்டாவது வீடு வாங்குபவருக்கு வங்கிகள் பொதுவாக 90 விழுக்காடு வரை கடன் தருகின்றன. அந்த 90 விழுக்காடு, பேசிய விலையா மதிப்பீட்டு விலையா என்று பார்த்து, இரண்டில் எது குறைவோ அதன்மேல்தான் கணக்கிடப்படும். 270,000 வெள்ளிக்கு 90 விழுக்காடு கிடைத்திருந்தால் அவர் கைப்பணமாக 27,000 வெள்ளி போட்டால் போதும். ஆனால் 245,000 வெள்ளிக்கு 90 விழுக்காடு என்பது 220,500 வெள்ளி. மீதி 49,500 வெள்ளியை அவரே கொண்டுவர வேண்டும். கூடுதலாக 22,500 வெள்ளி. அதற்கு மேல் முத்திரைத் தீர்வையும் வழக்கறிஞர் கட்டணமும் இருக்கின்றன. சாதாரணச் சம்பளக்காரர் எங்கே போவார்? அவர் விலகிக்கொண்டார்.

அதன் பிறகு வீட்டைப் பார்க்க வருவோர் குறைந்து விட்டனர். வெகுநாள் பலகை தொங்கும் வீட்டைக் கண்டால், “இதில் ஏதோ குறை இருக்கிறது, அதனால்தான் போகவில்லை” என்று ஊர் பேசும். வீடு புதிதாக விற்பனைக்கு வரும் முதல் சில வாரங்களில்தான் உண்மையாகவே வாங்க நினைப்பவர்கள் வந்து பார்க்கிறார்கள். அந்த நேரத்தில் தவறான விலையைச் சொல்லி அவர்களை அனுப்பிவிட்டால், பிறகு விலையைக் குறைத்தாலும் அவர்கள் திரும்பி வருவதில்லை. அதற்குள் வேறு வீடு வாங்கியிருப்பார்கள். காற்றுள்ள போதே தூற்றிக்கொள்ள வேண்டும் என்பது இதற்கும் பொருந்தும்.

வீடு கடைசியில் பதினான்காம் மாதம் 238,000 வெள்ளிக்கு விலைபோனது. இளம் தம்பதியர் கேட்ட விலையிலிருந்து 7,000 வெள்ளி குறைவு. காத்திருந்த 12 மாதங்களில் புல் வெட்ட மாதம் 80 வெள்ளி வீதம் 960 வெள்ளி. கிள்ளானிலிருந்து எட்டு முறை போய்வந்த பெட்ரோலும் சாலைக் கட்டணமும் 2,000 வெள்ளி. நிலவரி, மதிப்பீட்டு வரி, தண்ணீர், மின்சாரம் எல்லாமாக 600 வெள்ளி. ஆளில்லாத வீடென்று தெரிந்து யாரோ மின்கம்பிகளை அறுத்துக்கொண்டு போனதைச் சரிசெய்ய 1,800 வெள்ளி. 245,000 வெள்ளியை வங்கியில் போட்டு ஆண்டுக்கு 3 விழுக்காடு வட்டி கிடைப்பதாக வைத்துக்கொண்டால், இழந்த வட்டி 7,350 வெள்ளி. எல்லாவற்றையும் கூட்டினால் 19,710 வெள்ளி. பிடிவாதத்துக்கு நாங்கள் கொடுத்த விலை அது. அந்தப் பதினான்கு மாதமும் தாயார் முன்கூடத்தில், வருவோர் போவோர் கண்ணெதிரே படுத்திருந்தார். அதை எந்தக் கணக்கில் எழுதுவது?

சரி, விலையை எப்படி முடிவு செய்வது? முதலாவதாக, பலகையில் போட்டிருக்கும் விலையை நம்பக்கூடாது. அது கேட்கும் விலை. கிடைத்த விலை அல்ல. உங்கள் தாமானிலோ பக்கத்திலோ, அதே அளவு வீடு கடந்த ஓராண்டில் உண்மையில் என்ன விலைக்குக் கைமாறியது என்று பாருங்கள். அரசாங்கத்தின் சொத்து மதிப்பீட்டுத் துறையான ஜேபிபிஎச் இந்த விவரங்களைத் திரட்டி வைத்திருக்கிறது. பதிவு பெற்ற மதிப்பீட்டாளரையோ வீட்டு முகவரையோ கேட்டாலும் எடுத்துச் சொல்வார்கள். மூன்று நான்கு வீடுகளின் விலையை எழுதிப் பாருங்கள். மூலை வீடா நடு வீடா, நிரந்தர உரிமை நிலமா குத்தகை நிலமா, குத்தகையானால் இன்னும் எத்தனை ஆண்டு மிச்சம் என்பதற்கு ஏற்பக் கூட்டிக் குறையுங்கள். நகராண்மைக் கழகத்தின் அனுமதி இல்லாமல் நீட்டிக் கட்டிய பகுதியை மதிப்பீட்டாளர் கணக்கில் எடுக்காமல் போகலாம் என்பதையும் மறவாதீர்கள்.

இரண்டாவதாக, பக்கத்தில் புதிய வீடுகள் விற்காமல் நிற்கின்றனவா என்று பாருங்கள். கட்டி முடித்தும், விற்பனைக்கு வந்து ஒன்பது மாதங்களுக்கு மேலாகியும் விற்கப்படாத வீடுகளைத் தேங்கிய வீடுகள் என்று அரசாங்கம் தனியே கணக்கெடுக்கிறது. அத்தகைய வீடுகளுக்கு மேம்பாட்டாளர்கள் தள்ளுபடி தருவார்கள்; வழக்கறிஞர் செலவையும் தாமே ஏற்பார்கள். பழைய வீட்டை விற்கும் நாம் அவர்களோடுதான் போட்டியிடுகிறோம்.

மூன்றாவதாக, குறைக்க வேண்டுமானால் ஒரே தடவையாகக் குறையுங்கள். மாதம் இரண்டாயிரம், மூவாயிரம் என்று குறைத்துக்கொண்டே போனால், இன்னும் குறையும் என்று வாங்குபவர் காத்திருப்பார். ஏறக்குறைய மூன்று மாதத்தில் பலர் பார்த்தும் ஒருவரும் விலை கேட்கவில்லை என்றால், குறை பெரும்பாலும் விலையில்தான் இருக்கிறது. பார்க்கவே யாரும் வரவில்லை என்றால், விலையையும் விளம்பரத்தையும் இரண்டையும் திருத்த வேண்டும். ஒழுகும் கூரை, உடைந்த குழாய், முற்றிய புல் ஆகியவற்றைச் சரிசெய்ய ஆகும் செலவு சிறியது. ஆனால் பெரிய செலவில் புதுச் சமையலறை கட்டினால் போட்ட பணம் திரும்பி வரும் என்று எண்ண வேண்டாம்.

நான்காவதாக, முகவரிடம் கொடுப்பதானால் அவர் பதிவு பெற்றவர்தானா என்று எண்ணைக் கேட்டுச் சரிபாருங்கள். விற்ற விலையில் 3 விழுக்காட்டுக்கு மேல் அவர் கட்டணம் கேட்கக்கூடாது; அதன்மேல் சேவை வரி சேரலாம். ஐந்து பேரிடம் கொடுத்து ஐந்து பேரும் ஐந்து விலை சொன்னால், வாங்குபவர் மிகக் குறைந்த விலையைத்தான் பிடித்துக்கொள்வார்.

ஐந்தாவதாக, பத்திரங்களை முன்கூட்டியே தயார் செய்யுங்கள். நாம் கிராண்ட் என்று சொல்லும் நிலப்பட்டா யார் பெயரில் இருக்கிறது? காலமானவர் பெயரிலேயே இருந்தால் முதலில் பெயரை மாற்ற வேண்டும். குத்தகை நிலமாயின் மாநில அரசின் ஒப்புதல் வேண்டியிருக்கும். அதற்கு மாதங்கள் ஆகும். வழக்கமாக, விலை பேசி ஒப்பந்தத்தில் கையெழுத்திடும்போது மொத்தம் 10 விழுக்காடு முன்பணம் கிடைக்கும். மீதிப் பணம் மூன்று மாதத்தில் வரும். தவறினால் வட்டியோடு இன்னும் ஒரு மாதத் தவணை கொடுப்பார்கள். முழுப் பணமும் வரும் முன் சாவியைக் கொடுத்து விடாதீர்கள்.

வரியையும் பாருங்கள். 2022ஆம் ஆண்டு முதல் நடப்பில் உள்ள விகிதப்படி, மலேசியக் குடிமகன் ஒருவர் வாங்கிய மூன்று ஆண்டுக்குள் வீட்டை விற்றால் கிடைக்கும் ஆதாயத்துக்கு 30 விழுக்காடு, நான்காம் ஆண்டில் 20 விழுக்காடு, ஐந்தாம் ஆண்டில் 15 விழுக்காடு ஆதாய வரி உண்டு. ஆறாம் ஆண்டிலிருந்து வரி இல்லை. வரி இல்லை என்றாலும், விற்றதை வருமான வரி வாரியத்துக்கு அறிவிக்க வேண்டும். இதை வழக்கறிஞரிடம் கேட்டுச் செய்யுங்கள்.

நேயர்களே, வீட்டின் விலையைப் பேசும்போது உடன்பிறந்தவர்களுக்குள் வார்த்தை தடிப்பதுண்டு. எங்களுக்குள்ளும் தடித்தது. “அப்பா வியர்வையைக் குறைத்து விற்கச் சொல்கிறாயா?” என்று அண்ணன் தங்கையிடம் கேட்டு, இரண்டு மாதம் பேச்சு நின்றிருந்தது. பிறகுதான் ஒன்று விளங்கியது. அப்பாவின் வியர்வைக்கு விலை போட யாராலும் முடியாது. நாம் விற்பது அதையல்ல. செங்கல்லும் ஓடும் நிலமும் சேர்ந்த ஒரு வீட்டை. அதற்கு இன்றைய சந்தையில் ஒரு விலை இருக்கிறது. அந்தப் பணம் யாருக்காக, எப்போது தேவைப்படுகிறது என்பதை முதலில் கேளுங்கள். விலையை அதன் பிறகு பேசுங்கள்.

இப்போது தங்கை வீட்டின் கீழ்த்தளத்தில் அறை எழும்பி விட்டது. சன்னல் ஓரமாகத் தாயாரின் கட்டில். சுவரில் தந்தையாரின் படம். கையெழுத்திட்ட நாளில் தாயார் எங்களைக் கடிந்து ஒரு சொல்லும் சொல்லவில்லை. “அந்தப் பிள்ளைங்க இந்நேரம் வேற வீடு வாங்கியிருப்பாங்க, இல்லையா?” என்று மட்டும் கேட்டார்.

உங்கள் வீடும் பூட்டிக் கிடக்குமானால், இந்த வாரக் கடைசியிலேயே குடும்பத்தோடு உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பாருங்கள். கணக்கின் முதல் வரியில் அடக்க விலையை எழுத வேண்டாம். அதே வீதியில் கடைசியாகக் கைமாறிய வீட்டின் விலையை எழுதுங்கள்.