களவு போன பின்

(சங்கத்தின் மாதாந்தக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற பேச்சு)



இம்மேடையிலே நாயன்மார் வரலாறுகளையும் திருமுறைகளின் பெருமையையும் அறிஞர் பலர் எடுத்தியம்பக் கேட்டிருக்கிறீர்கள். இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள் அத்துணை உயர்ந்ததன்று. ஒரு வீட்டிலே கள்ளன் புகுந்து போனபின் அவ்வீட்டார் செய்யத்தக்கது யாது, அயலவராகிய நாம் செய்யத்தக்கது யாது என்பதே அது. களவு வராமற் காப்பது பற்றி எல்லோரும் பேசுகின்றனர். வந்து போனபின் நடக்க வேண்டியதைப் பற்றிப் பேசுவார் அரியர். ஆனால் இன்று நம் கிராமங்களிலே பிள்ளைகளைக் கனடாவுக்கும் லண்டனுக்கும் அனுப்பிவிட்டுப் பெரிய வீடுகளிலே தனித்திருக்கும் முதியோர் எத்தனை பேர் என்பதை எண்ணிப் பார்த்தால், இப்பொருள் நமது சங்கத்துக்குப் புறம்பானதன்று என்பது விளங்கும்.

திருவள்ளுவர் கள்ளாமை என ஓர் அதிகாரம் வகுத்தார். அதனை ஊன்றிப் படித்தால், அதில் உள்ளவை யாவும் களவு செய்ய நினைப்பவனுடைய உள்ளத்துக்குச் சொல்லப்பட்டவை என்பது தெரியவரும். பொருளைப் பறிகொடுத்தவனுக்கு அங்கே ஒன்றுமில்லை. அவன் வேறோர் அதிகாரத்துக்குப் போதல் வேண்டும். அதுதான் அறுபத்துமூன்றாம் அதிகாரமாகிய இடுக்கணழியாமை. முன்னது குற்றத்தைப் பற்றியது. பின்னது துன்பத்தைப் பற்றியது. நாமோ களவு நடந்த வீட்டுக்குப் போனால் முன்னதைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். யார் எடுத்தான், எப்படி வந்தான், எவ்வளவு போயிற்று என்று கேட்கிறோம். அந்த வீட்டார் இன்றிரவு எப்படி உறங்குவர் என்று கேட்பதில்லை.

எனது சிறிய தந்தையார் வீட்டில் நடந்த ஒன்றைச் சொல்ல அனுமதியுங்கள். நல்லூர்த் தேர்த் திருவிழாவன்று வீட்டைப் பூட்டிவிட்டு எல்லோரும் கோயிலுக்குப் போயிருந்தனர். சனநெருக்கடியிலே பறிபோய்விடும் என்று அஞ்சிச் சின்னம்மா தமது தாலிக்கொடியைக் கழற்றி அலுமாரியில் வைத்துவிட்டுப் போனார். திரும்பி வந்தபோது குசினிக் கதவு பெயர்ந்து கிடந்தது. வளவிலே கிடந்த அவர்களுடைய அலவாங்கினாலேயே அதனைப் பெயர்த்திருந்தார்கள். தாலிக்கொடியும் இரண்டு சோடி காப்பும் போயின.

சின்னம்மா அழவில்லை. பொலிசார் வந்து பார்த்துப் போனபின் அலுமாரியில் இருந்த சேலைகள் அத்தனையையும் கிணற்றடிக்குக் கொண்டுபோய்த் தோய்த்தார். மறுநாள் அவற்றையே திரும்பவும் தோய்த்தார். அந்நியன் ஒருவனுடைய கை அவற்றிற் பட்டுவிட்டதே என்பதுதான் அவருடைய துயரம். பொன்னைப் பற்றி அவர் பேசியது மிகக் குறைவு. மூன்று மாதம் வரையில் இரவிலே ஓலை விழுந்தாலும் எழுந்து விளக்கைப் போடுவார்.

இஃது அவர் ஒருவருடைய பலவீனம் என்று எண்ணற்க. மைக் மக்குவயர் என்னும் ஆராய்ச்சியாளர் இங்கிலாந்திலே வீடுடைத்துக் களவு கொடுத்தோரைக் கண்டு பேசி 1982இல் ஒரு நூல் வெளியிட்டார். பொருள் போனதைக் காட்டிலும், முன்பின் அறியாத ஒருவன் தம் வீட்டினுள்ளே நடமாடினான் என்பதே கொடியது எனப் பலர் அவருக்குக் கூறினர். குளிர்நாட்டு மாளிகையாயினும் நம்மூர் நாற்சார் வீடாயினும் மனித நெஞ்சம் ஒன்றே. இதனைப் பெரியோர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 1995 ஒக்டோபர் 30ஆந் திகதி வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் வீடுவாசல்களை விட்டு நடந்தனர். மறு ஆண்டிலே திரும்பியபோது கதவும் யன்னலும் ஓடும் இல்லாத வீடுகளைக் கண்டவர்கள் இச்சபையிலே இருக்கிறார்கள். அன்று நான் பிறக்கவில்லை. ஆயினும், போன பொருளின் பெயரைச் சொல்லாமல், மாமரத்தடியில் யாரோ அடுப்பு மூட்டியிருந்ததையே இன்றும் சொல்லிச் சொல்லி வருந்தும் முதியவர்களை நான் அறிவேன்.

அன்பர்களே, இத்தகைய வீட்டுக்கு ஆறுதல் சொல்லப் போகிறவர்கள் என்ன சொல்கிறார்கள்? "தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று" என்பர் சிலர். "முற்பிறப்பிலே ஆருக்கோ கொடுக்க வேண்டிய கடன்" என்பர் சிலர். "நகையை ஏன் வீட்டிலே வைத்தீர்கள்?" என்று கடல் கடந்து தொலைபேசியிற் கண்டிப்பர் வேறு சிலர். வினைப்பயன் என்பது நம் சமயத்தின் உறுதியான கொள்கை. அதனை நான் மறுக்க வரவில்லை. ஆனால் பறிகொடுத்தவர் தாமாகவே அதனை நினைந்து தேறினால் அது ஞானம். பறிகொடாதவர் வந்து அதனை எடுத்துச் சொன்னால் அது புண்ணிலே கோலிடுவதாகும்.

துக்கப்படுவது பக்திக்குக் குறைவு என்று கருதுவோருக்குச் சுந்தரமூர்த்தி சுவாமிகளின் வரலாற்றை நினைவூட்டுகிறேன். சேரமான் பெருமாள் நாயனார் அளித்த பெரும் பொருளோடு அவர் கொங்கு நாட்டு வழியே வரும்போது, திருமுருகன்பூண்டிக்கு அருகிலே வேடர் வடிவில் வந்தோர் யாவற்றையும் பறித்துக்கொண்டனர். அவ்வேடர்கள் சிவபெருமானின் பூதகணங்கள் எனப் பெரியபுராணம் கூறும். சுவாமிகள் அப்பொழுது எல்லாம் மாயை என்று வாளாவிருந்தாரா? இல்லை. நேரே திருக்கோயிலுக்குச் சென்றார். இப்படிக் கொள்ளையடிப்போர் வாழும் இடத்திலே நீர் எதற்காக இருக்கிறீர் என்று இறைவனையே கேட்டுப் பதிகம் பாடினார். அப்பதிகத்தை நம் முன்னோர் ஏழாந் திருமுறையிலே வைத்துப் போற்றினர். தம்பிரான் தோழருக்கே முறையிடும் உரிமை இருந்ததாயின், நம் ஊர்த் தாய்மாருக்கு அஃது இல்லையா?

இனி, செய்யத்தக்கவற்றைச் சுருக்கமாகக் கூறுவேன். கதவு உடைந்திருக்கக் கண்டால் தனியே உள்ளே நுழைதல் ஆகாது. கள்ளன் இன்னும் உள்ளே இருத்தல் கூடும். அயலவரை அழைத்துக்கொண்டு, 119 என்னும் இலக்கத்துக்கோ அருகிலுள்ள பொலிஸ் நிலையத்துக்கோ உடனே அறிவிக்க வேண்டும். அவர்கள் வரும்வரை எதையும் தொடலாகாது, கூட்டலாகாது. கைவிரல் அடையாளங்களைக் கொண்டு ஆளை அறியும் முறைக்கென ஒரு பணிமனை கல்கத்தாவிலே 1897இல் நிறுவப்பெற்றது. அம்முறை இன்று உலகெங்கும் வழங்குகின்றது. நாம் அலுமாரியைத் துடைத்து ஒழுங்குசெய்தால் அந்தச் சாட்சியை நாமே அழித்தவர்களாவோம்.

முறைப்பாட்டை எழுதியபின் அதனை வாசித்துக் காட்டவேண்டும் என்பது 1979ஆம் ஆண்டின் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் விதி. ஆகவே கேட்டு, விளங்கி, அதன் பின்னரே கையொப்பமிடுக. போன நகையின் பவுணைச் சொன்னால் மட்டும் போதாது. அதன் வேலைப்பாடு தெரியும் படம் வேண்டும். கலியாண அல்பம் பெரும்பாலும் இதற்கு உதவும். வங்கிப் புத்தகமும் அட்டையும் போயிருந்தால் அன்றே வங்கிக்கு அறிவிக்க வேண்டும். அடையாள அட்டை போயிருந்தால் பொலிஸ் அறிக்கையுடன் கிராம அலுவலரிடம் செல்க. காணி உறுதி போயிற்றென்று நெஞ்சுடைய வேண்டாம். காணிப் பதிவகத்திலே அதன் உறுதிப்படுத்திய பிரதியைப் பெறலாம்.

உடைந்த கதவை அன்றைக்கே செப்பனிடுதல் மிக அவசியம். ஒரு முறை களவு நடந்த வீட்டுக்கு மீண்டும் கள்ளன் வரக்கூடிய ஆபத்து, மற்ற வீடுகளுக்கு உள்ளதைவிட அதிகம். அதிலும் முதற்சில வாரங்களிலேயே அது மிகுதி. வழியும் தெரியும், மிச்சம் இருப்பதும் தெரியும் அல்லவா? இங்கிலாந்திலே றொச்டேல் நகரைச் சார்ந்த கேர்க்ஹோல்ட் என்னும் குடியிருப்பிலே 1980களின் பிற்பகுதியில் இதனைக் கருத்திற் கொண்டு ஒரு திட்டம் வகுத்தனர். களவு நடந்த வீட்டின் பூட்டுக்களை உடனே பலப்படுத்தினர். அதனைச் சுற்றியுள்ள ஐந்தாறு வீட்டார் அந்த வீட்டின்மேல் ஒரு கண் வைத்திருக்கும்படி ஒழுங்குசெய்தனர். அங்கே களவு பெரிதுங் குறைந்தது. வேலிக்கு வேலி பொட்டு வைத்து, அடுத்த வீட்டுப் படலைச் சத்தத்தை வைத்தே வந்தவர் இன்னாரென்று அறிந்த நமக்கு இது புதுமையன்று. உயர்ந்த மதில்களைக் கட்டியபின் நாம் மறந்துபோன ஒன்று, அவ்வளவே.

இனி நான் சொல்லப்போவதே இன்றைய பேச்சில் முக்கியமானது. களவு நடந்த மூன்றாம் நாள் எங்கள் சிறிய தந்தையார் வீட்டுக்கு வந்த ஒருவர், மை பார்க்கிறவர் ஒருவரை அழைத்து வருவதாகச் சொன்னார். வேறொருவர் தேங்காய் பிடுங்க வருகிற இளைஞன்மேல் ஐயம் என்று குரலைத் தாழ்த்திச் சொன்னார். காரணம் கேட்டபோது, "அவனுக்குத்தான் வீட்டின் பின்புறம் தெரியும்" என்றார். வீட்டின் பின்புறம் எங்களுக்குந் தெரியும், அந்த ஐயாவுக்குந் தெரியும். அவன் ஏழை என்பதைத் தவிர வேறு சாட்சி இல்லை. சிறிய தந்தையார் எழுந்து, "என்ரை வீட்டிலை களவு ஒண்டு நடந்திட்டுது; இரண்டாவதை நான் நடத்தமாட்டன்" என்றார். மை பார்க்கிறவர் வரவில்லை. கள்ளன் இன்றுவரை பிடிபடவுமில்லை. அந்த இளைஞன் இன்றும் வந்து தேங்காய் பிடுங்குகிறான்.

வெற்றிலையிலே மை தடவிப் பார்க்கும்போது அதிலே தோன்றுவது யாருடைய முகம்? கேட்க வந்தவர் முன்பே மனத்தில் ஐயுற்றவருடைய முகமே. அதனை நம்பி ஊரிலே ஒருவனுக்குக் கள்ளப் பட்டம் சூட்டினால், காப்பும் சங்கிலியும் போல அவனுடைய நற்பெயரை மீண்டும் வாங்கிக் கொடுக்க நம்மால் இயலுமா? ஐயத்தின் பேரிற் பிடித்து மரத்திலே கட்டி அடிப்பதும் வீரமன்று, தண்டனைக்குரிய குற்றம். பொலிஸ் உத்தியோகத்தரிடம் செய்த குற்ற ஒப்புதலையே வழக்கிலே சான்றாகக் கொள்ளலாகாது என்று 1895ஆம் ஆண்டின் சான்றுக் கட்டளைச் சட்டம் விதித்தது. அங்ஙனமாயின், வாலிபர் கூட்டம் அடித்து வாங்கிய ஒப்புதலுக்கு மதிப்பு என்ன?

நான் பயின்ற மிஷன் பாடசாலையிலே விக்தர் ஹியூகோ 1862இல் வெளியிட்ட கதையைப் படிப்பித்தனர். அது கவியோகி சுத்தானந்த பாரதியாரின் மொழிபெயர்ப்பினால் ஏழை படும் பாடு எனத் தமிழிலும் புகழ்பெற்றது. தம் வெள்ளிப் பாத்திரங்களைத் திருடியவனைச் சேவகர் பிடித்து வந்தபோது, அவற்றைத் தாமே கொடுத்ததாகச் சொல்லி, வெள்ளி விளக்குத் தண்டுகளையும் சேர்த்துக் கொடுத்தார் அக்கதையில் வரும் பாதிரியார். அத்தகைய பெருமை நம் எல்லோர்க்கும் கைகூடாது. கள்ளனுக்கு விளக்குத் தண்டைக் கொடுக்கும்படி நான் உங்களைக் கேட்கவில்லை. கள்ளனல்லாதவனுடைய மானத்தைப் பறிக்காதிருக்கும்படியே கேட்கிறேன்.

நமது சங்கத்துக்கு மூன்று வேண்டுகோள்கள் உண்டு. ஒன்று: களவு நடந்தது என்று கேள்விப்பட்ட அன்று மாலையே மூத்த உறுப்பினர் ஒருவரும் வாலிபர் இருவரும் அவ்வீட்டுக்குச் செல்ல வேண்டும். கதவைச் செப்பனிட உதவி, வேண்டுமாயின் பொலிஸ் நிலையத்துக்கும் வங்கிக்கும் உடன்சென்று, தனித்திருக்கும் முதியவராயின் சில இரவுகள் விறாந்தையிலே துணைக்குப் படுத்திருக்க வேண்டும். இத்தகையோரைக் கண்டு உதவுவதற்கென்றே இங்கிலாந்தின் பிறிஸ்ரல் நகரிலே 1974இல் தொண்டர்கள் ஓர் அமைப்பைத் தொடங்கினர். நம்மால் இயலாதா? வாரக்கணக்காக ஊணும் உறக்கமும் இல்லாதவரை வைத்தியரிடம் அழைத்துச் செல்வதும், தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்னும் இலக்கத்தை அவர்க்குச் சொல்வதும் நம் கடமை. இரண்டு: தேர், தீர்த்தம் முதலிய நாட்களில் ஊர் முழுவதும் கோயிலுக்குச் செல்லும்போது, முறைவைத்துச் சிலர் ஒழுங்கைகளைச் சுற்றிவர வேண்டும். அன்று தேர்வடம் பிடிக்காவிட்டாலும் அதுவும் திருத்தொண்டே. மூன்று: சாட்சியின்றி எவர் பெயரையும் சொல்வதில்லை, மை பார்ப்போரை அழைப்பதில்லை, எவர்மீதும் கை வைப்பதில்லை என்று நாம் ஒவ்வொருவரும் உறுதி செய்துகொள்ள வேண்டும்.

போன பொன் திரும்பி வருவது சில வேளைகளில் நடக்கும், பல வேளைகளில் நடவாது. அது நம் கையில் இல்லை. அவ்வீட்டார் மீண்டும் யன்னலைத் திறந்து வைத்து உறங்குவதும், அயலிலுள்ள ஏழை தலைநிமிர்ந்து அவ்வீட்டு முற்றத்தை மிதிப்பதும் நம் கையில் உள்ளவை. அவற்றைச் செய்யும் மனவலிமையை எல்லாம்வல்ல இறைவன் நமக்கு அருள்வானாக என்று வேண்டி அமர்கிறேன்.