வானவர் பகை

பகைமைகளுள் கொடியது எது என்று வினவினால், உடன்பிறந்தார் பகைமையே என்று விடை கூறுதல் வேண்டும். அயலான் பகைத்தால் ஒரு நிலத்தையோ பொருளையோ கருதிப் பகைப்பான். அது கைக்கு வந்ததும் ஓய்ந்துவிடுவான். உடன்பிறந்தார் பகைக்குக் காரணமாவது பெரும்பாலும் தந்தையின் அன்பு. அதனை நிறுத்துப் பங்கிடவும் இயலாது. வலிந்து பறிக்கவும் இயலாது. ஆதலின் அப்பகை எளிதில் ஓய்வதில்லை. இவ்வுண்மையை வானுலகத்தின்மேல் ஏற்றிக் காட்டும் திரைப்படம் ஒன்றைப் பற்றி இன்று சில சொற்கள் பேச விரும்புகிறேன்.

1995-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளிவந்த அப்படத்தின் பெயர் ‘தி பிராஃபசி’. ‘தீர்க்கதரிசனம்’ என்று நாம் கூறலாம். எழுதி இயக்கியவர் கிரெகரி வைடன். காபிரியேல் என்னும் வானதூதனாகக் கிறிஸ்டோபர் வாக்கன் நடித்தார்.

காபிரியேல் என்ற பெயரே படத்தின் துணிவைக் காட்டுகிறது. கிறித்தவ மறையில் அவன் நற்செய்தி கொணர்பவன். இயேசு பிறக்கப்போவதைக் கன்னி மரியாளுக்கு அறிவித்தவன். இசுலாமியர் ஜிப்ரீல் என்று போற்றுவதும் அவனையே. மறைநூல்களின்படி வானுலகில் கலகம் செய்து வீழ்ந்தவன் சாத்தான். அவனுடைய படையை வென்றவன் மிகாவேல். வைடன் இவ்வொழுங்கை மாற்றி, நற்செய்தித் தூதனையே கலகத் தலைவனாக்குகிறார். திருவெளிப்பாட்டு நூல் 22 அதிகாரங்களோடு முடிவது. படத்திலோ, ஒரு பழைய சுவடியில் 23-ஆம் அதிகாரம் கிடைக்கிறது. வானுலகில் இரண்டாவது போர் மூளும் என்றும், கொடிய ஆன்மா ஒன்று அப்போரை முடிக்கும் என்றும் அது கூறுகிறது. இப்பகுதி படைப்பாளியின் கற்பனை என்பதைச் சொல்லத் தேவையில்லை.

போரின் காரணம் என்ன? மண்ணாற் படைத்த மனிதனுக்குக் கடவுள் ஆன்மாவைத் தந்து, தமக்கு முதலில் பிறந்த வானவரினும் மேலாக அவனை நேசித்தார் என்பதே காபிரியேலின் மனக்குறை. மனிதரை அவன் குரங்கினம் என்றே இகழ்கிறான். இக்கருத்து முற்றும் புதியதன்று. நெருப்பாற் படைக்கப்பட்ட தான் களிமண்ணாற் படைக்கப்பட்ட ஆதமுக்குப் பணிவதா என்று இப்லீஸ் மறுத்ததைக் குர்ஆன் கூறுகின்றது. மூத்தவன் பொறாமை மிகப் பழைய பொருள்.

கதை எங்கே நிகழ்கிறது என்பது கருதத்தக்கது. வானத்துப் போரை இயக்குநர் வானத்தில் விரித்துக் காட்டுவதில்லை. அரிசோனாப் பாலைநிலத்தில் ஒரு சிற்றூர். அங்கே ஒரு சிறு பள்ளிக்கூடம். அதிலே காதரின் என்னும் ஆசிரியை. அவளிடம் படிக்கும் மேரி என்னும் பழங்குடிச் சிறுமி. இவ்விடமே போர்க்களம் ஆகிறது. குருப்பட்டம் பெறவேண்டிய வேளையில் வானவர் போரைக் காட்சியாகக் கண்டு கலங்கி, நம்பிக்கை இழந்து, பின்னர்க் காவல்துறையிற் சேர்ந்த தாமஸ் என்பவன் துப்புத் தேடி அங்கே வந்து சேர்கிறான்.

போர் பல காலமாக முடிவு காணாமல் கிடக்கிறது. அதனை வெல்லக் காபிரியேல் தேடுவது தெய்வப் படைக்கலம் ஏதுமன்று. கொரியப் போரில் கொடுமைகள் பல புரிந்து, முதுமையில் இறந்துபோன ஹாத்தார்ன் என்னும் இராணுவ அதிகாரியின் ஆன்மாவையே அவன் தேடுகிறான்! இறகு படைத்தவர்கள், எண்ணற்ற ஊழி கண்டவர்கள், மனிதனைக் குரங்கென்று பழிப்பவர்கள், வெற்றிக்கு வழி காண மனிதனிடமே வருகிறார்கள். எதற்காக? கொடுமைக் கலையில் அவர்களினும் அவன் தேர்ந்தவன் என்பதற்காக. நம் இனத்தைப் பற்றி இதனினும் கசப்பான தீர்ப்பு வேறு என்ன இருக்கக்கூடும்?

சைமன் என்ற நல்ல வானவன் காபிரியேலை முந்திக்கொண்டு அவ்வான்மாவை எடுத்து, ஒருவரும் ஐயுறாத இடத்தில் ஒளித்துவைக்கிறான். அவ்விடம் சிறுமி மேரியின் உடல். அவன் எண்ணம் நல்லதே. ஆயினும் விளைவு யாது? குழந்தை நோயுறுகிறாள். தான் பிறவாத காலத்துப் போர் அவள் நினைவிலே எழுகிறது. காணாத களத்தின் கொலைகளை அவள் வாய் பேசுகிறது.

நேயர்களே, இக்காட்சியை வெறும் பேய்க்கதை என்று தள்ளிவிட என்னால் இயலவில்லை. தலைமையாசிரியனாக இருந்த காலத்தில் ஒரு செய்தியைப் பலமுறை கண்டிருக்கிறேன். பத்து வயது நிரம்பாத சிறுவர் இருவர் ஒருவரையொருவர் வெறுப்பர். காரணம் கேட்டால் சொல்லத் தெரியாது. விசாரித்தால், அவர்களுடைய பாட்டன்மார் காலத்து வரப்புச் சண்டை ஒன்று வெளிப்படும். பெரியவர்கள் இறந்துவிட்டார்கள், அவர்களுடைய சினம் பிள்ளைகளிடத்தே வாழ்கிறது. தீய எண்ணத்தோடு அதனை எவரும் ஊட்டவில்லை. குடும்ப மானம் என்றும், இனப்பற்று என்றும், நல்ல பெயர் சூட்டியே ஊட்டினார்கள். சைமன் செய்ததும் அதுவேயன்றோ!

காபிரியேல் அப்பள்ளிக்கூடத்திற்கே வருகிறான். குழந்தைகளிடம் இனிமையாகப் பேசுகிறான். கணக்கை நன்றாகப் படிக்குமாறு அறிவுரையும் கூறுகிறான். கேட்டால் நம்மைப் போன்ற ஓர் ஆசிரியரின் பேச்சாகவே தோன்றும். தீமை எப்பொழுதும் கோரைப்பல்லோடு வருவதில்லை என்பதை வாக்கனின் அமைதியான நடிப்பு நன்கு உணர்த்துகிறது.

படத்தின் உயிர்நிலை இறுதிப் பகுதியில் தாமஸ் கேட்கும் ஒரு கேள்வி. உன் கட்சியே நியாயம் என்றால், இத்தனை போர் எதற்கு, கடவுளிடமே சென்று கேட்டிருக்கலாமே என்று அவன் வினவுகிறான். கடவுள் தன்னோடு பேசுவதில்லை என்பதே காபிரியேலின் விடை. அவ்வொரு விடையில் அவனுடைய ஆணவம் முழுவதும் உடைந்து, புறக்கணிக்கப்பட்டதாக எண்ணும் ஒரு மூத்த பிள்ளையின் துயரம் தெரிகிறது. அவன் செய்த கொலைகளை அது நியாயமாக்காது. ஆனால் அவற்றின் வேரைக் காட்டுகிறது.

இங்கே மில்டனை நினையாதிருக்க முடியாது. ‘பாரடைஸ் லாஸ்ட்’ என்னும் அவருடைய காவியம் 1667-இல் வெளிவந்தது. அதன் ஆறாங் காண்டத்தில் வானவர் போர் மூன்று நாள் நிகழ்கிறது. கலகக்காரர் பீரங்கியையும் உண்டாக்கிவிடுகிறார்கள். அங்கே காபிரியேல் மிகாவேலுக்கு அடுத்த நிலையில் நின்று கடவுளின் பக்கம் போர் செய்கிறான். 1642-இல் தொடங்கிய ஆங்கில நாட்டு உள்நாட்டுப் போரைக் கண்ணாற் கண்டு, பின்னர் அக்கண்களையும் இழந்த புலவர் மில்டன். உள்நாட்டுப் போரில் இரு தரப்பாரும் ஒரே மொழியில் ஒரே கடவுளை வேண்டுவர் என்பதை அவர் அறிந்திருந்தார். இப்படத்திலும் அதே நிலைதான். அரக்கர் ஒருபுறமும் தேவர் ஒருபுறமும் நிற்கவில்லை; இருபுறமும் வானவரே.

குறைகளையும் கூறுதல் முறையாகும். குருதியும் பிணமும் தேவைக்கு மேல் காட்டப்படுகின்றன. குழந்தைகளுக்குக் காட்டத்தக்க படமன்று. கதையின் சில முடிச்சுகள் அவசரமாக அவிழ்க்கப்படுகின்றன. நரகத்திற்குப் போட்டியாக வானுலகமே மற்றொரு நரகமாவதை விரும்பாத லூசிஃபர், காபிரியேலை எதிர்க்க மனிதர்க்குத் துணைவருவது சுவையான கற்பனையே. விக்கோ மார்ட்டென்சன் அப்பாத்திரத்தில் சிறிது நேரமே தோன்றினும் மனத்தில் நிற்கிறார். எனினும் தீயவனைத் தீயவனே அழிக்கும்போது அறத்தின் வெற்றி சற்றே மங்குகிறது.

ஆயினும் அம்மங்கலைப் போக்கும் இரு செய்திகள் உள்ளன. பழங்குடி மூத்தோர் கூடிச் சடங்கு செய்து சிறுமியின் உடலிலிருந்து கொடிய ஆன்மாவை வெளியேற்ற முனைகிறார்கள். அவளை வெட்டி எறிந்து ஆபத்தைத் தீர்க்கலாம் என்று அவர்கள் எண்ணவில்லை. குழந்தை வேறு, அவளுள் புகுந்த நஞ்சு வேறு என்று பிரித்தறிகிறார்கள். ஆசிரியையும் தாமஸும் அவளைவிட்டு அகலவில்லை. இறுதியில் வானினின்று வரும் ஒளி அவ்வான்மாவை அழிக்கிறது. தன்னோடு வருமாறு லூசிஃபர் அழைக்கும்பொழுது இருவரும் மறுக்கிறார்கள். உதவி செய்தான் என்பதற்காக ஒருவனுக்கு அடிமையாகிவிட வேண்டுவதில்லை என்ற பாடமும் இதில் உண்டு.

வானவர் உளரோ இலரோ, அவரவர் நம்பிக்கைக்கு விட்டுவிடுவோம். மூத்தோர் பகையைக் குழந்தைகளின் நெஞ்சிலே ஒளித்துவைக்கும் வழக்கம் உண்டு என்பதில் ஐயமில்லை. பிள்ளைகளுக்கு எதைச் சேர்த்துவைத்தோம் என்று கணக்குப் பார்க்கும் பெற்றோர், எதைச் சேர்க்காமல் விட்டோம் என்றும் ஒருமுறை கணக்குப் பார்ப்பது நலம். நம்மோடு முடியவேண்டிய சண்டைகள் நம்மோடே முடியட்டும்.