பொலிகாளையின் இனவிருத்தித் திறனும் மீயொலிப் படமும்

(மாணவர்க்கும் அலுவலர்க்குமான உரையின் எழுத்து வடிவம்)

மும்முறை கருவூட்டியும் பசு சினை பிடிக்கவில்லையெனில், பழி பெரும்பாலும் பசுவின் மேலேயே விழுகிறது. மருந்து கொடுத்துப் பார்க்கின்றனர். பயனில்லையெனில் சந்தைக்கு ஓட்டிச் செல்கின்றனர். கருவின் மறுபாதிக்குக் காரணமான காளையைக் குறித்து வினவுவோர் சிலரே. தப்பிப்போகும் ஒவ்வொரு சினைப்பருவமும் ஏறத்தாழ 21 நாள் இழப்பாகும். அந்நாட்களின் தீவனச் செலவைச் சுமப்பவர் சிறு உழவரே. 2019-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி 19 கோடிக்கும் மேற்பட்ட மாடுகளைக் கொண்ட நாட்டில் இது சிறு இழப்பன்று.

இந்தியாவில் செயற்கைமுறைக் கருவூட்டல் முதன்முதலாக 1939-இல் மைசூர் அரண்மனைப் பால் பண்ணையில் சம்பத்குமாரனால் மேற்கொள்ளப்பட்டது. பெங்களூரை அடுத்த ஹெசரகட்டாவில் 1969-இல் மத்திய உறைவிந்து உற்பத்தி மற்றும் பயிற்சி நிறுவனம் தோன்றியது. நகரின் ஆடுகோடியில் தேசியக் கால்நடை உணவூட்டம் மற்றும் உடலியங்கியல் நிறுவனம் 1995 முதல் இயங்கி வருகிறது. உறைவிந்து முறையில் ஒரு காளையிலிருந்து ஆண்டுதோறும் பல்லாயிரம் குச்சிகள் நிரப்பப்படுகின்றன. காளையின் நற்பண்பு எத்தனை ஊர்களுக்குச் செல்கிறதோ, அதன் குறைபாடும் அத்தனை ஊர்களுக்குச் செல்லக்கூடும். எனவே, காளையைத் தேர்ந்தெடுப்பதில் விழிப்பு இன்றியமையாதது.

இன்றைய நடைமுறையில் விரைப்பையின் சுற்றளவு அளக்கப்படுகிறது. விந்து நுண்ணோக்கியில் ஆராயப்படுகிறது. உறைவிந்தை உருக்கிய பின் குறைந்தது 50 விழுக்காடு விந்தணுக்களேனும் இயங்க வேண்டும் என்பது விதி. இச்சோதனைகள் நல்லவையே. ஆயினும், காளையின் விரையில் விந்தணு உருவாகி முடிய ஏறத்தாழ 61 நாட்கள் ஆகின்றன. அது முதிர்ச்சி பெற மேலும் ஒரு வாரத்திற்கு மேலாகிறது. ஆகவே, இன்று சேகரிக்கும் விந்து, இரு திங்களாக விரையில் நிகழ்ந்தவற்றின் விளைவாகும். விரையின் இன்றைய நிலையை நேரில் காண்பது எங்ஙனம்? திசுவை ஊசியால் எடுத்து ஆராயலாம். ஆனால் இரத்தக்கசிவு ஏற்பட்டு விரைக்கே தீங்கு நேரக்கூடும்.

இங்குதான் மீயொலி துணைபுரிகிறது. மனிதர் செவிக்கு எட்டாத இவ்வொலியலைகளை, கூழ் தடவிய கருவிமுனை விரைப்பையின் வழியே செலுத்துகிறது. திசுக்களில் பட்டுத் திரும்பும் எதிரொலி, திரையில் படமாகிறது. வெட்டும் இல்லை, குத்தும் இல்லை. நலமான விரை ஒரே சீரான சாம்பல் நிறத்தில் தோன்றும். நடுவே வெண்ணிறக் கோடு ஒன்று தெரியும். நார்த்திசு பெருகியிருப்பின், அல்லது சுண்ணம் படிந்திருப்பின், வெண்புள்ளிகள் தென்படும். நீர் கோத்திருந்தால் அவ்விடம் கருமையாகத் தோன்றும். டாப்ளர் முறையால் இரத்த ஓட்டத்தையும் அறியலாம். விரையின் வெப்பம் உடல் வெப்பத்தைவிடச் சில பாகைகள் குறைந்திருந்தால்தான் விந்தணு செவ்வனே உருவாகும். அவ்வெப்பத்தைச் சீராக வைத்திருப்பதில் இரத்தக் குழாய்களின் பின்னலமைப்புக்குப் பெரும் பங்குண்டு. ஆதலால் ஓட்டத்தை அறிவது பயனுடையது.

எனினும், படம் ஒன்றே தீர்ப்பாகாது. விந்தணு முட்டையைக் கருவுறச் செய்யுமா என்பதைத் திரை காட்டாது. சிறு வெண்புள்ளிகள் உள்ள காளையும் நல்ல விந்து தரலாம். வயது, இனம், கருவியின் அமைப்பு ஆகியவற்றுக்கேற்பப் படத்தின் ஒளிர்வும் மாறும். எனவே, ஒரே காளையை ஒரே அமைப்பில் குறித்த இடைவெளிகளில் படமெடுத்து ஒப்பிடுதல் வேண்டும். விந்துச் சோதனையும் சினைப்பிடிப்புப் பதிவேடும் உடனிருத்தல் வேண்டும். சந்தேகத்திற்குரிய காளையை உடனே கழித்துவிடாமல், ஓய்வளித்து மீண்டும் சோதிப்பதும் முறையாகும்.

விந்து நிலையங்களிலேனும் ஆய்வுக்கூடம் உண்டு. ஊர்ப் பொலிகாளைக்கும் மந்தையின் கிடாவுக்கும் அவ்வசதி இல்லை. கையில் எடுத்துச் செல்லத்தக்க மீயொலிக் கருவிகள் இன்று கிடைக்கின்றன. சினை பார்க்கக் கால்நடை மருத்துவர் கொண்டுசெல்லும் அக்கருவியே, தக்க முனையும் பயிற்சியும் இருப்பின், காளையைச் சோதிக்கவும் உதவும். புதிய கருவி வாங்குவதற்கு முன், இருப்பதைப் பயன்படுத்தும் பயிற்சியை அலுவலர்க்கு அளிப்பதே முதற்பணி. அவ்வாறு செய்யின், குற்றமற்ற பசு சந்தைக்குச் செல்லும் நிலை குறையும். உழவரின் இழப்பும் குறையும்.