ஞாயிற்றுக்கிழமைக்கு யார் பணம் கொடுப்பது?



இந்த அறக்கட்டளைச் சொற்பொழிவில் விபத்து நட்டஈட்டைப் பற்றிப் பேசும்படி என்னைக் கேட்டார்கள். நட்டஈடு கைக்கு வந்த பிறகு என்ன நடக்கிறது என்பதைப் பற்றிப் பேச அனுமதி வாங்கிக்கொண்டு வந்திருக்கிறேன். பணம் வாங்கிக் கொடுத்ததோடு எங்கள் வேலை முடிந்தது என்று நினைக்கிற பழக்கம் வழக்கறிஞர்களுக்கும் உண்டு, சங்கத்தாருக்கும் உண்டு.

கடலூரிலிருந்து சிதம்பரம் வருகிற சாலையை எடுத்துக்கொள்வோம். குடிகாடு, ஈச்சங்காடு, செம்மங்குப்பம் என்று சிப்காட் தொழிற்பேட்டையை ஒட்டிய ஊர்களின் வழியாக அது போகிறது. அந்தச் சாலையில் ஒருவரை லாரி இடித்து முதுகெலும்பு முறிகிறது. அதே நாளில், சாலையோரத்து ஆலைக்குள் ஒரு கொதிகலன் வெடித்து இன்னொருவருக்கும் முதுகெலும்பு முறிகிறது. இருவருக்கும் ஒரே வயது, ஒரே கூலி என்று வையுங்கள். முதல் ஆள் மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயத்துக்குப் போவார். அங்கே சம்பாத்திய இழப்பு, வலி, வேதனை, உதவியாளர் செலவு ஆகியவற்றோடு, வாழ்க்கையின் சாதாரண சுகங்களை இழந்ததற்கும் தனித் தலைப்பில் பணம் கேட்கலாம். 2010இல் ராஜ்குமார் எதிர் அஜய்குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்தத் தலைப்புகளை வரிசைப்படுத்தியே சொல்லியிருக்கிறது. இரண்டாவது ஆள், ஈ.எஸ்.ஐ. எனப்படும் தொழிலாளர் அரசுக் காப்பீட்டில் சேராதவர் என்றால், 2025 நவம்பர் வரை 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டத்தின் கீழ் போயிருப்பார். அங்கே சம்பாதிக்கும் திறன் எவ்வளவு குறைந்தது என்ற ஒரு கேள்விதான் இருந்தது. 2009 திருத்தத்துக்குப் பிறகு மருத்துவச் செலவும் கிடைத்தது. அதற்கு மேல் அந்தச் சட்டத்தில் எதுவும் இருக்கவில்லை.

அந்தச் சட்டத்தின் கணக்கு எப்படிப் போயிற்று என்று பாருங்கள். முப்பது வயதுத் தொழிலாளிக்கு எந்திரத்தில் சிக்கி ஒரு கையின் நான்கு விரல்களும் போய்விட்டன. அட்டவணைப்படி அது 50 சதவீத இழப்பு. 2020 ஜனவரி அறிவிப்பின்படி, அவர் எவ்வளவு வாங்கியிருந்தாலும் மாதக் கூலி 15,000 ரூபாய் வரைதான் கணக்கில் வரும். அதில் 60 சதவீதம் 9,000. முப்பது வயதுக்கான பெருக்கெண் 207.98. பெருக்கினால் 18,71,820 ரூபாய், அதில் பாதி 9,35,910 ரூபாய். கட்டைவிரல் என்றால் 30 சதவீதம், ஆள்காட்டி விரல் முழுதும் போனால் 14 சதவீதம். அந்தச் சட்டம் உள்ளிட்ட தொழிலாளர் சட்டங்கள் நான்கு தொகுப்புகளாகி 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துவிட்டன. ஆனாலும் உடம்பைச் சதவீதமாகப் பிரித்து எடைபோடும் இந்த முறை மாறவில்லை.

இந்த முறைக்குள்ளேயே நின்று நீதிமன்றம் தன்னால் முடிந்த அளவு கருணை காட்டியிருக்கிறது. 1968இல் ஒரு சினிமாக் கொட்டகையில் அலங்கார வேலை செய்துகொண்டிருந்த தச்சர் கீழே விழுந்தார். இடது கையை முழங்கைக்கு மேலே வெட்டி எடுக்க வேண்டியதாயிற்று. அட்டவணையைப் பார்த்தால் அது முழு ஊனம் இல்லை. ஆனால் ஒற்றைக் கையால் தச்சு வேலை செய்ய முடியாது, ஆகவே இழப்பு நூறு சதவீதம் என்று 1975இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. பிரதாப் நாராயண் சிங் தேவ் எதிர் ஸ்ரீநிவாஸ் சபாதா என்ற அந்தத் தீர்ப்பை இன்றைக்கும் நாங்கள் கையில் வைத்துக்கொண்டுதான் வாதாடுகிறோம். அருமையான தீர்ப்பு. ஆனால் அதுவும் தச்சரின் வேலை நாட்களைத்தான் கணக்கிட்டது.

ஞாயிற்றுக்கிழமை என்று தலைப்பில் போட்டதற்கு அதுதான் காரணம். தொழிலாளி ஞாயிற்றுக்கிழமைகளிலும் வாழ்ந்துகொண்டிருந்தவர். மச்சான் வீட்டுக் காதுகுத்துக்குப் போனார். மாசி மகத்துக்குத் தேவனாம்பட்டினம் கடற்கரைக்குப் போனார், ஆனித் திருமஞ்சனத் தேருக்குச் சிதம்பரம் வந்தார். டீக்கடையில் உட்கார்ந்து பேப்பர் படித்தார், சங்கக் கூட்டத்தில் கை தூக்கினார், ஊரில் சாவு விழுந்தால் பாடைக்குத் தோள் கொடுத்தார். இவற்றில் எதற்கும் அவருக்குக் கூலி கிடையாது. அதனால் இவை நின்றுபோனபோது எந்த அட்டவணையிலும் இழப்பாக ஏறவில்லை. நான் பார்த்த பல வீடுகளில் விபத்துக்குப் பிறகு வரும்படி எப்படியோ கொஞ்சம் திரும்பிவிடுகிறது. அந்த மனிதர் தெருவுக்குத் திரும்புவதில்லை.

நம் கடலூர் மாவட்டத்துக்கு இது புதிய கதை அல்ல. 2020 மே மாதமும் ஜூலை 1ஆம் தேதியும் நெய்வேலி இரண்டாம் அனல்மின் நிலையத்தில் கொதிகலன்கள் வெடித்தன. ஜூலை விபத்தில் அன்றைக்கே ஆறு பேர் இறந்தார்கள், சாவு எண்ணிக்கை பிறகும் ஏறியது. அதே ஆண்டு செப்டம்பர் 4ஆம் தேதி காட்டுமன்னார்கோயில் பக்கம் குருங்குடியில் வெடி தயாரிக்கும் இடம் சிதறியது. பலியானவர்கள் பெண்கள். 2021 மே 13ஆம் தேதி கடலூர் சிப்காட்டில் ஒரு பூச்சிமருந்து ஆலையில் நான்கு பேர் போனார்கள். ஒவ்வொரு முறையும் இறந்தவர் குடும்பத்துக்கு எவ்வளவு என்பது அன்று மாலைக்குள் அறிவிக்கப்பட்டுவிடும். காயம்பட்டவர்கள் செய்தியின் கடைசி வரியில் ஓர் எண்ணாக வருவார்கள்.

சொந்தபந்தம் பார்த்துக்கொள்ளாதா என்று கேட்பவர்கள் உண்டு. பார்த்துக்கொள்கிறது. பார்த்துக்கொள்வது யார் என்று கேட்டால் மனைவி, அல்லது அம்மா. பண்ருட்டிப் பக்கம் முந்திரிக்கொட்டை உடைக்கப் போய்க்கொண்டிருந்த ஒரு பெண், படுக்கையில் இருக்கும் கணவரைத் திருப்பிப் போடுவதற்காக வேலையை விடுகிறாள் என்றால், அந்த உதவியாளருக்கான கூலியை அவள்தான் கொடுக்கிறாள். ஆலையின் கணக்கில் வந்திருக்க வேண்டிய செலவு அவள் தலையில் ஏறியிருக்கிறது. கூட்டுக் குடும்பத்தைப் புகழ்ந்து மேடைகளில் பேசும்போது எனக்கு இந்தக் கணக்குதான் நினைவுக்கு வரும்.

இந்தச் செலவை வேறு நாடுகளில் யார் ஏற்கிறார்கள்? ஜெர்மனியில் 1884இல் பிஸ்மார்க் காலத்தில் வந்த தொழில் விபத்துக் காப்பீடு முதலாளிகள் கட்டும் சந்தாவில் மட்டுமே நடக்கிறது. இன்றைய வடிவத்தில் அது சிகிச்சையோடும் மறுவேலையோடும் நிற்பதில்லை. வீட்டை மாற்றி அமைக்கவும், ஊனத்துக்கு ஏற்ற வண்டி வாங்கவும், சமூக வாழ்க்கையில் பங்கெடுக்கவும் உதவுவது அதன் சட்டப்படியான கடமை. நியூசிலாந்தில் 1974 முதல் இயங்கும் விபத்து நட்டஈட்டுத் திட்டத்தில் உதவியாளர், போக்குவரத்து, வீட்டு மாற்றம், தானாக இயங்கி வாழப் பயிற்சி எல்லாம் சமூக மறுவாழ்வு என்ற பெயரில் அடங்கும். நம்மவர்கள் நிறையப் பேர் வேலைக்குப் போகும் மலேசியாவில் பெர்கேசோ என்ற சமூகப் பாதுகாப்பு நிறுவனம் மலாக்காவில் பெரிய மறுவாழ்வு மையமே நடத்துகிறது. 2019 முதல் வெளிநாட்டுத் தொழிலாளர்களையும் வேலை விபத்துக் காப்பீட்டில் சேர்த்திருக்கிறார்கள்.

தமிழ்நாட்டில் இந்த எண்ணம் இல்லாமல் இல்லை. 1954இல் கார் விபத்தில் முதுகெலும்பு முறிந்த மருத்துவர் மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே அறுவை சிகிச்சை செய்தார். 1966இல் வேலூரில் மறுவாழ்வு மருத்துவமனையை உருவாக்கினார். கடற்படைத் தேர்வின்போது கீழே விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்த எஸ். ராமகிருஷ்ணன் 1981இல் ஆய்க்குடியில் அமர்சேவா சங்கத்தைத் தொடங்கினார். இந்த நிறுவனங்களைத் தேடிப்போய்ப் பயனடைந்தவர்கள் ஏராளம். ஆனால் இவை நன்கொடையையும் நல்ல மனசையும் நம்பியவை. ஆலையில் நேர்ந்த காயத்துக்கு ஆலைதான் கொடுக்க வேண்டும் என்பது வேறு விஷயம்.

எப்படிக் கொடுப்பது என்பதில் நம் பழைய ஆட்களிடம் கற்றுக்கொள்ளலாம். சோழர் காலத்தில் கோயிலில் ஒரு நந்தா விளக்கு எரிய வேண்டுமென்றால் எண்ணெய்க்கு மொத்தமாகக் காசு கொடுத்துவிட்டுப் போகவில்லை. தொண்ணூற்றாறு ஆடுகளை விட்டார்கள். கல்வெட்டுகளில் அவற்றுக்குச் சாவா மூவாப் பேராடு என்று பெயர். ஆடு செத்தால் மேய்ப்பவர் வேறு ஆடு சேர்க்க வேண்டும், மந்தையின் எண்ணிக்கை குறையக் கூடாது, நாள்தோறும் அளந்த நெய் வந்துகொண்டிருக்க வேண்டும். நம் நட்டஈடோ ஆட்டையும் நெய்யையும் ஒரே நாளில் கையில் கொடுத்துவிடுகிறது. பழைய கடன், தங்கை கல்யாணம், ஆஸ்பத்திரி பாக்கி என்று ஒன்பது லட்சம் எவ்வளவு நாள் நிற்கும் என்பதை இங்கே இருக்கும் தொழிற்சங்கத் தோழர்களிடம் நான் சொல்ல வேண்டியதில்லை. இன்றைய கூட்டமே அறக்கட்டளையின் முதலைத் தொடாமல் வட்டியில் நடப்பதுதானே.

ஆகவே என் யோசனை இது. ஈ.எஸ்.ஐ. சட்டத்தின் 19ஆம் பிரிவு, காயம்பட்டவர்களின் மறுவாழ்வுக்கு நடவடிக்கை எடுக்கும் அதிகாரத்தை 1948இலேயே ஈ.எஸ்.ஐ. நிறுவனத்துக்குக் கொடுத்தது. அதைத் தொழிற்பயிற்சி என்ற அளவில் சுருக்கிப் பார்த்துவிட்டோம். சமூகப் பங்கேற்புக்கென்று அந்த நிறுவனம் மாதாந்திரத் தொகை ஒன்றை ஒதுக்க வேண்டும். வாரத்துக்கு ஒரு நாள் உதவியாளர் கூலி, ஆட்டோ வாடகை, வாசலில் சாய்தளம், கழிப்பறை மாற்றம், சக்கர நாற்காலி பழுதுபார்ப்பு, இவ்வளவுதான் தேவை. அரசு நகரப் பேருந்தில் மாற்றுத்திறனாளிக்கும் துணைக்கு வருபவருக்கும் கட்டணம் இல்லை. நல்லது. படி ஏற முடியாதவருக்கு அந்தச் சலுகை என்ன செய்யும்?

ஈ.எஸ்.ஐ. எல்லைக்குள் வராதவர்கள்தான் பெரிய சிக்கல். மாதம் 21,000 ரூபாய்க்கு மேல் வாங்குபவர் வெளியே நிற்கிறார். பத்துப் பேருக்குக் குறைவாக வேலை செய்யும் வெடிக் கொட்டகைப் பெண்ணும் பழைய சட்டப்படி வெளியேதான் நின்றாள். நட்டஈடு கேட்கும் உரிமை அவளுக்கு உண்டு, ஆனால் முதலாளியும் அதே வெடியில் போய்விட்டால் யாரிடம் கேட்பது? இவர்களுக்காகத் தொழிற்பேட்டை வாரியாக ஒரு நிதி வேண்டும். ஆபத்தான வேலை நடக்கும் ஒவ்வொரு நிறுவனமும் உரிமம் புதுப்பிக்கும்போது அதில் செலுத்தட்டும். முதலை யாரும் தொடக் கூடாது. உலக வங்கிக் கடனுதவியோடு தமிழக அரசு மாற்றுத்திறனாளிகளுக்காக நடத்தும் உரிமைகள் திட்டத்தில் விழுதுகள் என்ற சேவை மையங்கள் திறக்கப்பட்டு வருகின்றன. பணத்தைப் பயனாளிக்குக் கொண்டுசேர்க்கப் புது அலுவலகம் எதுவும் வேண்டாம், இவை போதும்.

ஏமாற்றுவார்களே என்பார்கள். ஆட்டோ வாடகையில் எவ்வளவு ஏமாற்றிவிட முடியும்? பெரிய ஏமாற்று காயத்தையே பதிவேட்டில் ஏற்றாமல் விடுவதில்தான் நடக்கிறது. ஒப்பந்தத் தொழிலாளியைத் தனியார் மருத்துவமனையில் சேர்த்துச் சத்தமில்லாமல் தீர்த்துக்கொள்ளும் வழக்கத்தை இந்த அவையில் அறியாதவர் இல்லை. அதனால் நிதியை மேற்பார்க்கும் குழுவில் காயம்பட்ட தொழிலாளர்கள் பாதிப் பேராவது இருக்க வேண்டும். யார் யார் விடுபட்டிருக்கிறார்கள் என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.

உள்ளாட்சி அமைப்புகளில் மாற்றுத்திறனாளிகளை நியமன உறுப்பினர்களாக்க 2025 ஏப்ரலில் நம் சட்டமன்றம் சட்டம் நிறைவேற்றியது. சிப்காட்டைச் சுற்றிய ஊராட்சிகளிலும் நெய்வேலியைச் சுற்றிய ஊராட்சிகளிலும் அந்த இடங்களுக்கு ஆலை விபத்தில் ஊனமுற்றவர்களின் பெயர்களைச் சங்கங்கள் முன்மொழிய வேண்டும். மே 1ஆம் தேதி கிராமசபை கூடுகிற நாள். அன்றைக்குக் கூட்டம் நடக்கும் இடத்துக்கு அவர்களை அழைத்துவரும் வண்டி வாடகையை, நிதி உருவாகும் வரை, சங்கங்களே ஏற்றுக்கொள்ளட்டும். ரசீதை மட்டும் பத்திரமாக வைத்திருங்கள், நிதி வந்ததும் முதல் செலவாக அதைக் கேட்டு வாங்கலாம்.