காலி வேகனின் கதவு



சிதம்பரம் ரயில் நிலையத்தை ஒரு கூட்ஸ் வண்டி நிற்காமல் கடந்து போவதைப் பார்த்திருப்பீர்கள். ஸ்டேஷன் மாஸ்டர் அறையை விட்டு வெளியே வந்து, பச்சைக் கொடியோடு பிளாட்பாரத்தில் நிற்பார். தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் பாயிண்ட்ஸ்மேன் ஒருவர் அதேபோல நிற்பார். சிக்னல் கொடுத்தாயிற்று, வழியும் விட்டாயிற்று. பிறகு எதற்காக இருபுறமும் இரண்டு பேர் நிற்கிறார்கள்? ஓடுகிற வண்டியை அவர்கள் கண்ணால் சோதிக்கிறார்கள். அச்சு சூடேறிப் புகைகிறதா, அடியில் ஏதாவது தொங்குகிறதா, இதுதான் கடைசி வண்டி என்று காட்டும் எல்.வி. பலகை இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். ஏதாவது ஒரு வேகனின் கதவு திறந்து கிடக்கிறதா என்றும் பார்க்கிறார்கள். அந்தக் கதவைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன்.

விழுப்புரத்திலிருந்து கடலூர், சிதம்பரம், மயிலாடுதுறை வழியாகத் தஞ்சாவூருக்குப் போகும் பாதை, தென்னிந்திய ரயில்வே 1870களில் போட்ட மீட்டர் கேஜ் பாதை. விழுப்புரம் முதல் மயிலாடுதுறை வரை 2010இல் அகலப் பாதையாக மாறியது. டெல்டாவில் அறுவடை முடிந்ததும் நீடாமங்கலம், மன்னார்குடி, தஞ்சாவூர் பக்கம் ரேக் ரேக்காக நெல் ஏறுகிறது. நம் கடலூர் மாவட்டத்துக்கு வர வேண்டிய யூரியா விருத்தாசலத்தில் வந்து இறங்குகிறது. ஒரு ரேக் என்றால் 42 மூடு வேகன்கள். அதில் சுமார் 2,000 டன் நெல் போகும். நுகர்பொருள் வாணிபக் கழகத்தின் 40 கிலோ மூட்டைக் கணக்கில் பார்த்தால் 50,000 மூட்டை! அத்தனையும் மனிதர் தலையிலும் முதுகிலும் ஏறி, ஒரு கதவு வழியாக உள்ளே போய், இன்னோர் ஊரில் அதே கதவு வழியாக வெளியே வருகின்றன.

பி.சி.என். என்று ரயில்வேக்காரர்கள் சொல்லும் அந்த மூடு வேகனின் வாசலைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். வாசலின் கீழ்ப்பகுதியை அடைக்கும் கதவுக்குக் கீல் அடியில் இருக்கும். கொண்டியை எடுத்துவிட்டால் வெளிப்பக்கமாகச் சாய்ந்து விழும். கூட்ஸ் ஷெட் பிளாட்பாரத்தின் மேல் சாய்ந்து படுத்துவிட்டால் அதுவே லோடுமேன்கள் நடக்கும் பாலமாகிவிடும். அதற்கு மேலே இரண்டு இறக்கைக் கதவுகள். ஒன்றுக்கு இடது ஓரத்தில் கீல், மற்றதற்கு வலது ஓரத்தில். மூடுவதற்கும் ஒரு வரிசை இருக்கிறது. முதலில் கீழ்க்கதவைத் தூக்கி நிறுத்த வேண்டும், பிறகு இறக்கைகளைச் சேர்க்க வேண்டும், அதன் பிறகுதான் கொண்டியை மாட்டி ஆணியைச் செருக வேண்டும். நம் கிராமத்து வீட்டு வாசலில் கொண்டியை நாதாங்கியில் மாட்டி ஒரு குச்சியைச் செருகி வைப்பார்களே, அடிப்படை அதேதான். ஆனால் வீடு ஓடாது. வேகன் மணிக்கு அறுபது, எழுபது கிலோமீட்டர் வேகத்தில் ஓடும். பாதை பிரியும் ஒவ்வொரு பாயிண்டிலும் அதிரும்.

அந்த அதிர்வை நினைவில் வைத்துக்கொண்டு செருகாணியைப் பாருங்கள். மேலிருந்து கீழாகச் செருகிய ஆணி, வண்டி குலுங்கக் குலுங்க இன்னும் கீழே இறங்கி இறுகும். அதையே கீழிருந்து மேலாகவோ பக்கவாட்டிலோ செருகினால், அதே குலுக்கல் அதைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே தள்ளிவிடும். புவியீர்ப்பு நம் பக்கம் வேலை செய்ய வேண்டும் என்பதுதான் ஓடும் வண்டியின் பூட்டுக்கு முதல் விதி. சரக்கு ஏற்றிய வேகன்களில் ஆணியோடு விடாமல் போல்ட் போட்டு முடுக்குவார்கள், கம்பி சுற்றுவார்கள், விலை உயர்ந்த சரக்கு என்றால் ரிவிட் அடிப்பதும் உண்டு.

பிறகு சீல். கம்பியைக் கோத்து, ஈய வில்லையை இடுக்கியால் நசுக்கி, ஏற்றிய நிலையத்தின் அடையாளத்தைப் பதிப்பார்கள். அந்த ஈயத்தை ஒரு சிறுவன்கூடப் பிய்த்துவிடலாம். அதன் பலம் வேறு இடத்தில் இருக்கிறது. யாராவது கை வைத்தால் அது காட்டிக் கொடுத்துவிடும். போய்ச் சேரும் ஊரில் கதவைத் திறப்பதற்கு முன்னால் சீல் முழுசாக இருக்கிறதா என்று பார்த்து எழுதுவார்கள். மூட்டை குறைந்தால் வழியில் போனதா, ஏற்றும்போதே குறைவா என்ற வழக்கில் அந்தக் குறிப்பு பெரிய சாட்சி. சரக்கை ஏற்றிச் செல்பவர் என்ற முறையில் ரயில்வேயின் பொறுப்பை 1989ஆம் ஆண்டின் ரயில்வே சட்டம் வரையறுக்கிறது. ரயில்வே பாதுகாப்புப் படைக்கு 1957இல் ஒரு சட்டம். ரயில்வே சொத்தைத் திருட்டுத்தனமாக வைத்திருப்பவர்களைத் தண்டிக்க 1966இல் இன்னொரு சட்டம். ஆக, சரக்குள்ள வேகனின் கதவுக்குக் காவல் பலமாகவே இருக்கிறது. உள்ளே பணம் இருக்கிறது, அதனால் எல்லாருக்கும் அக்கறை இருக்கிறது.

என் கவலை எல்லாம் காலி வேகனின் கதவைப் பற்றியது.

கடைசி மூட்டையும் இறங்கிவிட்டது. இனி அந்த வேகனில் யாருக்கும் எந்தப் பொருளும் இல்லை. லாரி புறப்படத் துடிக்கிறது. லோடுமேன்களுக்குக் கூலி மூட்டைக் கணக்கில். கதவை மூடினால் மூட்டை கூடாது, கூலியும் கூடாது. கீழ்க்கதவோ கனமான இரும்பு. கீலில் துரு, எங்கோ இடிபட்டு விளிம்பு வளைந்திருக்கும், நாலு பேர் சேர்ந்து கடப்பாரை போட்டு நெம்பினால்தான் இடத்தில் உட்காரும். வெயிலில் நாள் முழுதும் சுமந்த உடம்பு அந்த நேரத்தில் அதைச் செய்யுமா? பாதி மூடியது, ஆணி செருகாதது, வெறும் கம்பியால் கட்டியது என்று கதவுகள் அப்படியே புறப்பட்டுவிடுகின்றன.

ரயில்வே இதை அறியாமல் இல்லை. சரக்கை இறக்க மூடு வேகன்களுக்கு வழக்கமாக 9 மணி நேரம் கொடுக்கிறது. அதைத் தாண்டினால் டெமரேஜ் எனும் தாமதக் கட்டணம். கதவுகளை மூடிப் பூட்டினால்தான் இறக்கும் வேலை முடிந்ததாகக் கணக்கு. மூடாமல் விட்டால் கட்டண நேரம் ஓடிக்கொண்டே இருக்கும். நல்ல விதிதான். ஆனால் அந்தக் கட்டணத்தைக் கட்டுபவர் சரக்கின் உரிமையாளர். கதவைத் தூக்குபவர் லோடுமேன். இடையில் ஒப்பந்தக்காரர் இருக்கிறார். தண்டனை ஒருவருக்கும் உழைப்பு இன்னொருவருக்கும் போகும்போது விதி பாதி வழியிலேயே நின்றுவிடுகிறது. கதவை மூடும் வேலைக்கென்று தனியாக ஒரு கூலியை ஒப்பந்தத்திலேயே எழுத வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஒரு ரேக்குக்கு ஆகும் மொத்தச் செலவோடு பார்த்தால் அது மிகச் சின்னத் தொகையாகத்தான் இருக்கும்.

திறந்த கதவு ஓடும் வண்டியில் என்ன செய்யும் என்பதையும் சொல்ல வேண்டும். இரண்டு இறக்கைகளுக்கும் எதிரெதிர் ஓரங்களில் கீல் என்று சொன்னேன். அதனால் வண்டி எந்தத் திசையில் ஓடினாலும் ஓர் இறக்கையைக் காற்று மூடப் பார்க்கும், மற்றதை வாரித் திறந்துவிடும். திறந்த இறக்கை பின்னால் போய்ச் சுவரோடு படுத்துக்கொள்ளும். அப்படியே இருந்தால் பெரிய ஆபத்து இல்லை. ஆனால் டிரைவர் பிரேக் போட்டதும் அது முன்னோக்கி வீசும். வண்டியின் அகலத்துக்கு ஒரு கோடு உண்டு. பிளாட்பாரம், சிக்னல் கம்பம், பக்கத்துப் பாதை எல்லாமே அந்தக் கோட்டுக்கு வெளியே இருக்குமாறு கணக்குப் போட்டுத்தான் கட்டியிருக்கிறார்கள். வீசிய கதவு அந்தக் கோட்டைத் தாண்டிவிடுகிறது. பரங்கிப்பேட்டையிலோ ஆலப்பாக்கத்திலோ பிளாட்பார ஓரத்தில் நிற்கும் பயணி, பாதையோரம் ஒதுங்கி நிற்கும் கேங்மேன், கேட்டுக்கு மிக அருகில் பைக்கை நிறுத்திக் காத்திருப்பவர், யாரும் அதை எதிர்பார்த்து நிற்பதில்லை.

நம் மாவட்டத்தில் 2025 ஜூலை 8 அன்று காலை நடந்ததை யாரும் மறந்திருக்க மாட்டோம். கடலூருக்கும் ஆலப்பாக்கத்துக்கும் இடையே செம்மங்குப்பம் கேட்டில், விழுப்புரம் – மயிலாடுதுறை பாசஞ்சர் வண்டி பள்ளி வேன் மீது மோதியது. மூன்று மாணவச் செல்வங்களை இழந்தோம். அப்போது அந்தக் கேட் சிக்னலோடு இணைக்கப்படாத கேட். இணைத்திருந்தால் கேட் மூடிப் பூட்டினால் ஒழிய வண்டிக்குச் சிக்னல் விழாது. மனிதர் மறந்தாலும் இயந்திரம் மறக்காது. இதை இங்கே சொல்வதற்குக் காரணம் உண்டு. வேகன் கதவுக்கும் அப்படி ஓர் இணைப்பு கிடையாது. கூட்ஸ் வேகனில் மின்சாரமே இல்லை. கதவு திறந்திருப்பதை எந்தக் கருவியும் எஞ்சினுக்குச் சொல்லாது. அந்த இடைவெளியை அடைக்கத்தான் பச்சைக் கொடியோடு இருபுறமும் அந்த இரண்டு பேரை நிறுத்தியிருக்கிறார்கள். இரவில், மழையில், வரிசையாக ஓடும் 42 வேகன்களின் கதவுகளை அவர்கள் கண்ணால் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள்.

வேகன் கதவை அமைக்க வேறு வழிகளும் உலகத்தில் உண்டு. அமெரிக்கப் பாக்ஸ் கார்களில் கதவு பக்கவாட்டில் நழுவும். திறந்திருந்தாலும் வெளியே நீட்டாது. ஆனால் சரக்கு உள்ளிருந்து சாய்ந்து அழுத்தினால் நகராது. தடத்தை விட்டு நழுவினால் கதவே ஆளின் மேல் விழும். நிலக்கரிக்கென்று நம் நாட்டில் ஓடும் பாப்ரன் வேகன் எனக்கு மிகவும் பிடித்த வடிவமைப்பு. கதவு அடியில் இருக்கிறது. குழாயில் வரும் அழுத்தக் காற்று பிஸ்டனைத் தள்ள, நெம்புகோல்கள் கதவைத் திறக்கும். சில நிமிடங்களில் நிலக்கரி கொட்டித் தீர்ந்துவிடும். மூடும்போது நெம்புகோல் ஒரு நடுப்புள்ளியைத் தாண்டி அந்தப் பக்கம் போய் உட்காரும். அதன் பிறகு மேலிருக்கும் நிலக்கரி எவ்வளவு கனத்தாலும் அந்தக் கனம் பூட்டை இன்னும் இறுக்கவே செய்யும். திறக்கப் பார்க்கும் விசையையே பூட்டுக்குக் காவலாக்கிய இந்தக் கணக்கைப் போட்டவர்களைக் கும்பிட வேண்டும். மூட்டைச் சரக்குக்கு அது உதவாது என்பதுதான் குறை.

இன்னொன்றையும் விட்டுவிட முடியாது. மூடு வேகனின் கதவுக்கு உள்பக்கம் கைப்பிடி கிடையாது. மூட்டைக்கு வெளியே வரத் தேவையில்லை என்பதால் யாரும் வைக்கவில்லை. மனிதரை உள்ளே வைத்துப் பூட்டினால் என்ன ஆகும் என்பதை 1921இல் நம் தென்னாடு பார்த்தது. அந்த நவம்பரில், மலபார் கிளர்ச்சியில் பிடிபட்ட கைதிகள் நூறு பேர் அளவில் திரூரில் ஒரு சரக்குப் பெட்டியில் அடைக்கப்பட்டு, பெல்லாரிச் சிறைக்கு அனுப்பப்பட்டார்கள். காற்று புகும் வழிகள் அடைபட்டிருந்தன. கோயம்புத்தூருக்கு அருகில் போத்தனூரில் கதவைத் திறந்தபோது உள்ளே பிணங்கள் குவிந்திருந்தன. மாண்டவர்கள் அறுபதுக்கும் மேற்பட்டோர். ஷெட் ஓரம் நிற்கும் காலி வேகனுக்குள் நிழலுக்காகப் படுக்கிறவர்களும், விளையாட ஏறுகிற பிள்ளைகளும் இன்றும் இருக்கிறார்கள். வெளியிலிருந்து ஒருவர் கொண்டி மாட்டினால் உள்ளே கத்துவது கேட்காது. பெற்றோர்கள் இதைப் பிள்ளைகளுக்குத் தெளிவாகச் சொல்ல வேண்டும்.

நம் பகுதி ரயில்வேயின் திருச்சி கோட்டத்தைச் சேர்ந்தது. அந்தத் திருச்சியில் 1928 முதல் இயங்கும் பொன்மலைப் பணிமனை வேகன்களைப் பழுதுபார்ப்பதோடு புதிதாகக் கட்டவும் செய்கிறது. அங்கே போகும் வேகனின் சக்கரமும் பிரேக்கும் எவ்வளவு கவனமாகப் பார்க்கப்படுகின்றனவோ, அதே கவனம் கீலுக்கும் செருகாணிக்கும் கிடைக்க வேண்டும். ஒரு கையால் தள்ளினால் நகரும் கதவை யாரும் திறந்து போட்டுவிட்டுப் போக மாட்டார்கள். ஆணியைச் சங்கிலியில் கோத்து வேகனோடு பிணைத்துவிட்டால் அது தொலையாது. பெரிய செலவில்லாத காரியங்கள் இவை.

நேயர்கள் செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. ஓடும் கூட்ஸ் வண்டியில் கதவு ஆடுவதைப் பார்த்தால் முதலில் பாதையை விட்டு நன்றாக விலகி நில்லுங்கள். பக்கத்தில் கேட் இருந்தால் கேட்கீப்பரிடம் ஓடிச் சொல்லுங்கள். அவரிடம் சிவப்புக் கொடியும் போனும் இருக்கும். ஸ்டேஷன் அருகில் என்றால் ஸ்டேஷன் மாஸ்டரிடம் சொல்லலாம். இரண்டும் இல்லாத இடத்தில் 139 என்ற ரயில்வே உதவி எண்ணுக்குப் போன் செய்யுங்கள். வண்டி கடலூர் பக்கம் போகிறதா சிதம்பரம் பக்கம் போகிறதா, கதவு கிழக்கே திறந்திருக்கிறதா மேற்கேயா, எஞ்சினிலிருந்து ஏறக்குறைய எத்தனையாவது வேகன் என்ற மூன்றையும் சொன்னால், அடுத்த நிலையத்தில் வண்டியை நிறுத்திக் கதவை மூடிவிடுவார்கள்.